வடக்குச் சுவரின் கோடுகள்

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மலையைக் குடைகிறவனிடம் வெயில் எப்படி, மழை எப்படி என்று கேட்பது வீண்தான். ஆனாலும் கேட்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? முதுகுவலி குறைந்ததா? இங்கே இரண்டு பேரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரி வரமாட்டேன் என்கிறது.

கீழறை மறுபடி நனைகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் கிடந்து நீ பூசிக் கொடுத்தாயே, அந்த அறைதான். இத்தனை நாளும் ஒரு சொட்டு கிடையாது. உன் அத்தான் வருகிற போகிற ஆளிடமெல்லாம் "என் மச்சினன் தண்ணிப் போலீஸ், அவன் நின்ன இடத்துல தண்ணி உள்ளே நுழையாது" என்று அளப்பார். இப்போது பத்து நாளாகப் புழுங்கின வாடை. சலவைக்கடையில் பத்து மணி நேரம் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவள் நான். காயாத துணியின் வாடையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது காயாத சுவரின் வாடை. தரையில் வடக்கு ஓரமாக ஈரம் தெரிகிறது.

அவருக்கு இருமல் விடவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அறை காயவில்லை என்றால் ஆளை மேலே மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம். உள்ளே பதினாலு படி. மேல்வீட்டு வாசலிலிருந்து தெருவில் இறங்க இன்னும் ஏழு படி. படி இல்லாமல், பின்சந்திலிருந்து சரிவாக உள்ளே இறங்குகிற கதவு கீழறைக் கதவு ஒன்றுதான். அவர் தன் கையால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போவது, ரொட்டிக்கடை வரைக்கும் போய் வம்பளந்துவிட்டு வருவது, ரேடியோவும் மின்விசிறியும் ரிப்பேருக்கு வாங்குவது எல்லாம் அந்தக் கதவால்தான். டாக்டர் போனதும் சொன்னார்: "என்னை மேலே தூக்கிட்டுப் போனீங்கன்னா, அப்புறம் நாலு பேர் தோள்லதான் கீழே வருவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினோரு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தது. இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. பத்து நாளைக்கு ஒருமுறை வரும் சாமான் வண்டிதான் தபால்காரன். நான் நலம். முதுகுவலி என்னோடு குடித்தனமே நடத்துகிறது. அத்தானின் இருமலுக்கு மருந்து ஒழுங்காகக் கொடு.

பதறாதே. சொல்வதை வரிசையாகச் செய். வடக்குச் சுவரின் அடியில் மூன்று வடிகுழாய்கள் வைத்திருக்கிறேன். கட்டைவிரல் மொத்தம்தான் இருக்கும், ரேக்குகளுக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரியும். சுவருக்கு வெளியே மண்ணில் சேரும் தண்ணீர், சுவரை நெருக்காமல் அவை வழியாக வாய்க்காலில் இறங்கி மூலைக்குழிக்குப் போக வேண்டும். குழியில் உள்ள மோட்டார் அதை வெளியே தள்ள வேண்டும். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் அந்தக் குழாய்களில் கம்பி விட்டுக் குத்த வேண்டும். குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி மோட்டார் தானாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது யார் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அளவு. ரேக்குக்குப் பின்னால் சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல். எனக்கு அந்த அளவுதான் கண். ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு வேறு எதைக் கொண்டு பார்ப்பேன்?

கூரைத் தண்ணீர்க் குழாய் சரியாக இருக்கிறதா? அது உடைந்திருந்தால் கூரை மழை முழுக்க வடக்குச் சுவரின் காலடியில்தான் கொட்டும். மறக்காமல் எழுது.

இந்த வருஷமும் லீவு கஷ்டம் போலத் தெரிகிறது. பார்க்கிறேன்.

தம்பி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நீ சொன்னதைச் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தரையில் குப்புறப் படுத்து, ரேக்குக்கு அடியில் கையை விட்டு, மூன்று குழாயிலும் கம்பியால் குத்தினேன். முதலில் சுண்ணாம்புக் கட்டி, அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர் என்று வந்ததே பார்க்கணும். என் முகத்திலேயே பீய்ச்சி அடித்தது. உன் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "குனிஞ்சு பழக்கம் இல்லாதவ, பாத்து, இடுப்பு புடிச்சுக்கும்" என்று எனக்கு மேஸ்திரி வேலை பார்த்தார். மூன்று வருஷமாகக் குழாயைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்த மனுஷர். கேட்டால், "நானே செஞ்சுடலாம்னு இருந்தேன்" என்கிறார். எப்படிச் செய்வார்? அதை நான் கேட்கவில்லை.

மோட்டார் ஓடுகிறது. ஆனால் வாய்க்கால் இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. குழாயிலிருந்து வருகிற தண்ணீர் குழிக்குப் போகாமல் தரையெல்லாம் பரவுகிறது. நாற்காலிச் சக்கரம் வழுக்குகிறது. நேற்று மேசை மேல் போய் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்.

அளவு கேட்டாயே. ரேக்கு நிறைய ரேடியோவும் மின்விசிறியும் அடுக்கியிருப்பதால் என்னால் பின்னால் பார்க்க முடியாது. அவர் உட்கார்ந்த உயரத்திலிருந்து ஓரமாகக் கையை விட்டுப் பார்த்துவிடுகிறார். நாலு விரல்தானாம். "எழுது, நாலே நாலு விரல், உன் தம்பி போட்ட பூச்சு மலை மாதிரி நிக்குது" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

இருமல் மட்டும் நிற்கவில்லை. டாக்டர் இந்த மாதக் கடைசி வரைக்கும் பார்க்கலாம் என்று தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் தரை காய்ந்தாக வேண்டும் தம்பி. ஏதாவது வழி சொல்.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் முழங்கை ஆறிவிட்டதா? நீ தரையில் படுத்துக் குழாய் குத்தியதைப் படித்துவிட்டு வெட்கமாக இருந்தது. அது உன் வேலை இல்லை.

நாலு விரல் என்றால் சுவர் நன்றாகவே இருக்கிறது. வெளியே தண்ணீர் அதிகம் சேரவில்லை. தொல்லை தரை ஈரம் மட்டும்தான் என்றால் ஒன்று செய்யலாம். மழைக்காலம் முடியும் வரை மூன்று குழாய்களின் வாயையும் துணி திணித்து, சீக்கிரம் இறுகும் சிமெண்டால் அடைத்துவிடு. தரை காயும், சக்கரம் வழுக்காது. வாய்க்காலை நான் வரும்போது உடைத்துப் புதிதாகப் போடுகிறேன்.

நான் எழுதுவதைக் கவனமாகப் படி. இது ஒட்டுப்போடுகிற வேலை. நேரில் இருந்தால் செய்ய மாட்டேன். சுவரில் ஈரம் ஒரு சாணுக்கு மேல் இருந்தால் குழாயைத் தொடவே தொடாதே. வெளியே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது குழாயை அடைத்தால், அது சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். ஆகவே அடைப்பதற்கு முன்னால் இன்னொரு முறை அளக்கச் சொல். ஒரு சாணுக்குள் என்றால் மட்டும் அடை.

கூரைத் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி

ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று இந்த முறை மனசாரவே எழுதுகிறேன். தரை காய்ந்துவிட்டது! உன் கடிதம் வந்த அன்றே அளக்கச் சொன்னேன். "மூணு விரல், ஒண்ணு கொறஞ்சிருக்கு" என்றார். ஜூன் முப்பதாம் தேதி மூன்று குழாயையும் நானே அடைத்தேன். நான் பூச்சுக் கரண்டி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்து, "சிமெண்டுக்கு இஸ்திரி போடறியா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அரை மணி நேரம் நிற்கவில்லை. ஆனாலும் சிரித்தாரே.

டாக்டர் தரையைக் கால் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். சரி, இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றார். அவர் போனதும் உன் அத்தான் சந்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், ரொட்டிக்கடைக்காரரிடம் ஏதோ ஜெயித்துவிட்டு வந்த மாதிரி பேசிக்கொண்டிருந்தார். நான் கதவில் நின்று பார்த்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிப் பார்த்து.

ஒன்று மட்டும் புரியவில்லை. பகல் முழுக்க மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "சுவருக்கும் வேர்க்குமில்ல" என்கிறார்.

மழை இன்னும் வலுக்கவில்லை. வலுக்கும் என்கிறார்கள்.

அக்கா

ஜூலை 15

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. வண்டி கிளம்பப் போகிறது.

சுவர் மூன்று விரல்தான் நனைந்திருக்கிறது என்றால் அத்தான் ஏன் இன்னும் இருமுகிறார்? சுவருக்கு ஏன் மின்விசிறி? எனக்கு ஏதோ தப்பாகப் படுகிறது. ரேக்கில் இருப்பதை இறக்கிவிட்டு நீயே உன் கண்ணால் பின்னால் பார். பார்ப்பதற்கு முன்னாலேயே குழாய்களின் அடைப்பை உளியால் உடைத்துவிடு. தரை நனைந்தால் நனையட்டும். உடனே செய்.

கூரைக் குழாய் என்ன ஆயிற்று? மூன்றாவது முறை கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 25

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மலைப்பாதை சரிந்து வண்டிகள் நிற்பதாக ரேடியோவில் சொன்னார்கள். நீ பத்திரமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

புதன்கிழமை, இருபத்தோராம் தேதி. இரண்டு நாளாக விடாத மழை. பிற்பகல் மூன்று மணி இருக்கும், நான் கடையில் இருந்தேன். வடக்குச் சுவர் அடிப்பக்கமாக வயிறு தள்ளி, பூச்சு பாளம் பாளமாக விழுந்து, கல் பெயர்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ரேக்குகள் சரிந்து கதவுக்குக் குறுக்கே விழுந்துவிட்டன. அவர் தனியாக. மோட்டார் முழுகி நின்றுபோயிற்று. அவர் கத்தியது மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டியிருக்கிறார். தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பை விட்டு ஓடிவந்து, கதவுப் பலகையைக் கடப்பாரையால் பெயர்த்து உள்ளே இறங்கும்போது தண்ணீர் நாற்காலியில் அவர் மடிக்கு வந்திருந்தது. தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி, முன்வாசல் ஏழு படியும் ஏறி மேலே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார். நான் வந்து பார்த்தபோது கையில் அந்த ஸ்பானரை விடாமல் பிடித்திருந்தார்.

உயிர் இருக்கிறது. பேச்சு இல்லை.

நேற்று தண்ணீர் வடிந்தது. கீழே போனேன். ரேக்குகள் விழுந்துவிட்டதால் சுவர் முழுக்கத் தெரிந்தது. மேல் பாதி நிற்கிறது. அங்கேயும் பக்கத்துச் சுவரிலும் அவர் கையெழுத்தில் சாக்பீஸ் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் தேதி. பக்கத்துச் சுவரில் இருந்ததால் அழியாமல் மிஞ்சியதை அப்படியே எழுதுகிறேன்.

மே 30, இரண்டு அடி. ஜூன் 4, ஒன்றேகால் அடி. ஜூன் 28, ஒன்றரை அடி. ஜூலை 8, இரண்டேகால். ஜூலை 14, மூன்று. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் "தாங்கும்". ஜூலை 19, மூன்றேமுக்கால். அங்கேயும் "தாங்கும்".

நாலு விரல், மூணு விரல் என்று என்னிடம் சொல்லிவிட்டு, சுவரில் உண்மையை எழுதி வைத்திருக்கிறார். அவர் வாயால் சொன்னதைக் கேட்டு நான் உனக்கு எழுதினேன். உன் பேச்சைக் கேட்டு என் கையாலேயே குழாயை அடைத்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்தச் சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

ஜூலை பதினைந்தாம் தேதி நீ எழுதிய கடிதம் இன்றுதான் கிடைத்தது. உளியால் உடைத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். எதை உடைப்பது?

மேல் அறையில் ஜன்னலோரம் படுக்கை போட்டிருக்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் வந்து கேட்டால் நான்தான் பதில் சொல்கிறேன். ரொட்டிக்கடைக்காரர் தினமும் வந்து பத்து நிமிஷம் தானாகவே பேசிவிட்டுப் போகிறார். நேற்று இவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "படி எத்தனை?" என்றார். பதினாலு என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று முறை நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கூரைத் தண்ணீர்க் குழாய் மூன்று வருஷத்துக்கு முன்னால் எப்படிக் கழன்றதோ அப்படியேதான் தொங்குகிறது. அவர் ஏணியிலிருந்து விழும்போது அதை எட்டிப் பிடித்தாரே, அன்றைக்கு இருந்த கோணத்திலேயே இருக்கிறது. ஏணியை ரொட்டிக்கடைக்காரர்தான் எடுத்து உள்ளே போட்டார். அதற்கப்புறம் வடக்குப் பக்கம் நான் போனதில்லை. துணி உலர்த்தக்கூடப் போனதில்லை. ஆள் வைத்துச் சரிசெய்திருக்கலாம். அந்த இடத்தைக் காட்டி, இங்கேதான் என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ கேட்கும்போதெல்லாம், இவனுக்கா தெரியாது, தெரிந்துகொண்டே கேட்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. அதனால் எழுதவில்லை.

கூரையின் மழை மொத்தமும் அந்தச் சுவரின் காலடியில் மூன்று வருஷம் கொட்டியிருக்கிறது.

இனிமேல் சுற்றி வளைக்க மாட்டேன். நீ வந்தாக வேண்டும். அவர் அந்த அறைக்குத் திரும்பாவிட்டால் மேலே இப்படியே தீர்ந்துபோவார். எனக்குக் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. லீவு, கஷ்டம், பார்க்கிறேன் என்று இன்னொரு கடிதம் எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கோடுகளை ஐம்பது தடவை படித்துவிட்டேன். மே 30-க்கும் ஜூன் 4-க்கும் நடுவே முக்கால் அடி இறங்கியிருக்கிறது, பார். நீ தரையில் படுத்துக் குழாயைக் குத்தியதால் இறங்கியது. உன் வேலை சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு அளவு மட்டும் என் கைக்கு வந்திருந்தால் அடைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு சுவரைப் பார்க்காமல் வைத்தியம் சொன்னவன் நான். சுரங்கத்தில் என் கீழே வேலை செய்கிறவன் அப்படிச் செய்தால் அன்றைக்கே வெளியே அனுப்புவேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் உன் வாசலில் வந்து நிற்க முடியாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வந்து கூரைக் குழாயை நான் பார்த்துத் தருகிறேன், யாரும் ஏணியில் ஏற வேண்டாம் என்று சொன்னேன். மூன்று வருஷம் வந்தேன். நாலாவது வருஷம் "லீவு கிடைக்கவில்லை, அடுத்த வாரம் வருகிறேன்" என்று எழுதினேன். லீவு கிடைத்திருந்தது அக்கா. கூட வேலை செய்கிறவர்களோடு கடற்கரைக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த அன்று அத்தான் விழுந்த செய்தி மேசையில் இருந்தது. அன்றிலிருந்து உண்மையாகவே லீவு கேட்கவில்லை. கேட்டால் கிடைத்துவிடுமே என்று பயம். ஜூன் மாதம் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னதும் பொய்.

இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையே போனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். பாதை திறந்ததும் முதல் வண்டியில் வருகிறேன். அத்தானிடம் நான் வருவதைச் சொல்லாதே. சொல்லவும் செய். எனக்கே தெரியவில்லை.

தம்பி

செப்டம்பர் 14

மேலே இருக்கும் அத்தானுக்கு,

கீழே இருந்து, நீங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன் எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கா தினமும் சொல்கிறாள். நேற்று இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டீர்களாம். சந்தோஷம்.

நான் வந்து பதினாறு நாள் ஆகிறது. உங்கள் தலைக்கு நேர் கீழே இடிக்கிறேன், பூசுகிறேன், படுத்துத் தூங்குகிறேன். "பதினாலு படிடா, ஏறிப்போய் ஒரு வார்த்தை பேசுடா" என்று அக்கா தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் சொல்கிறாள். மூன்றாவது படி வரை வந்திருக்கிறேன். நேற்று ஐந்தாவது. அங்கேயே உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட்டேன். அதனால்தான் ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதுகிற கோமாளித்தனம். சிரித்தால் சிரியுங்கள்.

வேலையைச் சொல்கிறேன். முதல் நாளே ஏணியில் ஏறிக் கூரைக் குழாயை இறக்கினேன். புதுக்குழாய் போட்டு, தண்ணீரைச் சுவரிலிருந்து எட்டு அடி தள்ளிச் சந்துச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். வடக்குப் பக்கம் வெளியே அஸ்திவாரம் வரை தோண்டி, பெயர்ந்த கல்லைக் கட்டி, இந்த முறை வெளிப்பக்கமும் பூசியிருக்கிறேன். அடியில் ஜல்லி போட்டு, ஓட்டைக் குழாய் பதித்து மூடியாகிவிட்டது. மண்ணை வீட்டிலிருந்து சரிந்து போகிற மாதிரி கெட்டித்தேன். உள்ளே வாய்க்கால் புதிது. வடிகுழாய் ஐந்து. அவற்றைத் தரையில் வைக்காமல் உங்கள் முழங்கால் உயரத்துக்கு ஒரு கிளை எடுத்து மூடி போட்டிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூடியைத் திருகிக் கம்பி விடலாம். மோட்டாரை ஒரு சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறேன். இழுத்தால் கைக்கு வரும். உங்களுக்காக யாரும் குனிய வேண்டியதில்லை.

போன வாரம் மூன்று நாள் மழை பெய்ததே, கேட்டிருப்பீர்கள். மழை விட்டதும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். என் அளவை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே வந்து கோடு போட வேண்டும்.

உங்கள் பழைய கோடுகள் பக்கத்துச் சுவரில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் பூச என் கை போகவில்லை.

நீங்கள் விழுந்தது என்னால். அக்காவுக்கு எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடி மூன்று வருஷம் போய்விட்டது, இன்னும் கிடைக்கவில்லை. சொல்லத் தெரிந்தது பூச்சு வேலை மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை

செப்டம்பர் 14, மாலை

தண்ணிப் போலீஸ் மாப்பிள்ளைக்கு,

மேலே இருப்பவன் எழுதுவது. நலம் என்று எழுத முடியாது, இருக்கிறேன் என்று எழுதலாம். உன் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டுத்தான் பதினாறு நாளும் கண் விழிக்கிறேன். ஐந்தாவது படி வரை வந்தது எனக்குத் தெரியும். அந்தப் படிதான் கிறீச்சிடும்.

ஏன் பொய் சொன்னேன் என்று உன் அக்கா இன்னும் கேட்கவில்லை. அவள் கேட்காதது பெரிய தண்டனை. அதனால் உனக்குச் சொல்கிறேன். உண்மை அளவைச் சொன்னால் அன்றைக்கே என்னைத் தூக்கி இங்கே போட்டிருப்பார்கள். நாலு விரல் என்று சொன்னால் இன்னொரு வாரம் கிடைக்கும். அந்த வாரம் முடிந்தால் இன்னொன்று. அவளிடம் பொய் சொல்ல வாய் வந்தது, சுவரில் பொய் எழுதக் கை வரவில்லை. கடைசிக் கோடு என் தோளுக்கு வந்தபோதுகூட, தாங்கும் என்று எழுதினேன். சுவரைப் பற்றி எழுதினேனா என்னைப் பற்றியா என்று இப்போது தெரியவில்லை. உன் பூச்சு ஏழு வருஷம் நின்றது. அதை விழ வைத்தவன் நான்தான்.

நான் ஏணியிலிருந்து விழுந்தது உன்னால் இல்லை. ஈரச் செருப்போடு ஏறினேன், வழுக்கினேன். கடற்கரைக்குப் போனாய் என்று படித்தபோது, போயிருக்கிறான், போகட்டும், வயசுப் பையன் என்றுதான் தோன்றியது. அதில் எனக்குக் கோபமில்லை.

ஆனால் கோபமே இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் நீ என்று பார்த்தேன். அப்புறம் கீழறையில் மூன்று வருஷம், சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பினேன். விழுந்ததற்கு முன்னால் நீ வராததை அன்றைக்கே மறந்துவிட்டேன். விழுந்த பிறகு நீ வராததுதான், மாப்பிள்ளை, இன்னும் வலிக்கிறது.

குழாய்க்கு முழங்கால் உயரத்தில் மூடி வைத்திருக்கிறாய். சரி. சாக்பீஸ் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அன்றைக்குச் சட்டைப்பையில் இருந்தது, நனைந்து காய்ந்துவிட்டது, எழுதும்.

பதினாலு படி. என்னால் இறங்க முடியாது. உன்னால் ஏற முடியும்.

அத்தான்